மறு: மறு: ஆட்டோமேட்டிக் காரில் ‘கிரீப்’ – தமிழில் என்ன?

அன்பர்களே,
ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்கு நாலு பக்கக் கையேடு, திங்களன்று அச்சுக்குப் போக வேண்டும். கியரை ‘டி’யில் (டிரைவ்) போட்டு பிரேக்கை விட்டதும், ஆக்சிலேட்டரைத் தொடாமலே வண்டி மெல்லக் கிளம்புமே, அதற்கு ஒரு சொல் தாருங்கள். நேற்று ஒரு அம்மா பிரேக்கை விட்டுவிட்டுக் கைப்பையைத் தேடினார். முன்னால் நின்ற ஸ்கூட்டர் சாய்ந்தது.
– செ.

ஊர்தல். எறும்பு ஊரக் கல்லும் தேயும். இதற்கு ஓர் இழையா?
– பா.

> ஊர்தல்

ஐயா, 37ஆம் குறளில் ‘சிவிகை பொறுத்தானோடு ஊர்ந்தான்’ பல்லக்கில் ஏறிப் போகிறவன். ‘ஊர்தி’யே அந்த வேர்தான். ஊர்தி ஊர்கிறது என்றால் வண்டி ஓடுகிறது என்றாகிவிடும். என் வாக்கு ‘தவழ்வு’க்கு.
– இ.

அங்கே சிவிகை செயப்படுபொருள், குன்றாத வினை. வண்டி தானே ஊர்ந்தால் குன்றிய வினை. குழப்பம் எங்கே? தவழக் கைகால் வேண்டும். முகில் தவழ்கிறதே என்று கிளம்பாதீர்கள், அது கவிதை.
– பா.

இலக்கணத்தைக் கொஞ்சம் ஓரங்கட்டுவோம். இன்ஜின் சுழற்சியை எண்ணெய் வழியே கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரில், இன்ஜின் ஐடிலில் (ஆக்சிலேட்டரை மிதிக்காத நிலையில்) இருக்கும்போதே பம்பு எண்ணெயை டர்பைன் மேல் வீசும். அந்தத் தள்ளல்தான் இது. 2014இல் மாருதி செலேரியோவோடு இங்கே வந்த ஏஎம்டியில் (சாதாரண கியர்பாக்ஸின் கிளட்சையும் கியரையும் தானே இயக்கும் வகை) கன்வெர்ட்டரே கிடையாது, கிளட்ச் பாதி பிடிக்கும். மின்காரிலோ மென்பொருள் செய்யும் வேலை. ஆகவே காரணத்தை வைத்துப் பெயரிட வேண்டாம், ‘தன்னகர்வு’ போதும். கையேட்டில் இதையும் சேருங்கள்: ஏற்றத்தில் வண்டியை ஆக்சிலேட்டரால் பிடித்து நிறுத்தாதீர்கள், ஏஎம்டி கிளட்ச் கருகிவிடும்.
– மு.

தன்னகர் என்று பிரித்தால் சொந்த ஊர்! சுற்றிச் சுற்றி ஊருக்கே வந்துவிட்டோம், பா. ஐயா.
– இ.

வகுப்பில் மூன்றையும் சொல்லிப் பார்த்தேன். ‘ஊர்தல்’ என்றதும் ஒருவர் பல்லியா என்றார். கடைசியில், “வண்டி தானா நகருதே, அதுவா சார்?” என்று அவர்களே கேட்டார்கள். ‘தானாக நகர்தல்’ என்றே போட்டுவிட்டேன். சரிவில் நிறுத்தினால் முதலில் ஹேண்ட்பிரேக், பிறகுதான் ‘பி’ (பார்க்கிங்). இல்லையென்றால் வண்டியின் பாரம் முழுக்க கியர்பாக்ஸுக்குள் இருக்கும் சின்னக் கொக்கியில் விழும் என்பதும் சேர்ந்தது.
– செ.

அச்சாகட்டும். என் மறுப்பு மறுப்புத்தான்: நகர்தலில் மெதுவே இல்லை. அதிருக்கட்டும், அந்தப் ‘பி’க்கு என்ன சொல் போட்டீர்கள்?
– பா.