வெள்ளவத்தை வீட்டார் குழு: மேசையில் போர்

தர்ஷன்: மாமா, உங்கட பான்சர்பிளிட்ஸ் எண்ட டாங்கிச் சண்டை மேசை விளையாட்டு நேற்றுப் பின்னேரம் முழுக்க விளையாடியும் முடியேல்லை 😩 கொம்பியூட்டரில எண்டா இந்நேரம் மூண்டு நாடு பிடிச்சிருப்பன்

மாமா: 1970இல வந்த விளையாட்டடா. ஆறுதலாத்தான் போகும்

அபி அக்கா: எனக்குக் காய் அடுக்கி முடியவே விடிஞ்சிடும்

தர்ஷன்: கணக்கும் நாங்களே போட வேணும். என்ர பலத்தை உங்கட பலத்தால பிரிச்சு, தாயக்கட்டை உருட்டி, பிறகு அட்டவணையில தேடி...

மாமா: அந்தக் கணக்குத்தான் விளையாட்டே! எதிரியை விட மூண்டு மடங்கு பலம் சேராமல் அடிக்கப் போனால் என்ன வருமெண்டு உருட்ட முதலே தெரியும். கொம்பியூட்டரில ஏன் தோத்தனி எண்டு உனக்குத் தெரியுமோ?

தர்ஷன்: அது சரி. ஆனா காட்டுக்குள்ள நிக்கிற உங்கட டாங்கி எனக்கு அப்பிடியே தெரியுதே. உண்மைச் சண்டையில தெரியுமோ?

மாமா: பக்கத்தில உன்ர ஆள் இல்லாமல் அதைச் சுட ஏலாது எண்டு சட்டம் இருக்கு

தர்ஷன்: சுட ஏலாதுதான், எங்க நிக்குது எண்டு கண்ணால பாக்கிறன். கொம்பியூட்டரில ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் விளையாடேக்க குதிரைக்காரனை அனுப்பிப் பாக்காட்டி எல்லாம் இருட்டு. அங்கதான் பயம் வரும்

மாமா: ம்ம். அதில உன்ர பக்கம் நியாயம்தான்

அபி அக்கா: 1979இல வட ஆபிரிக்கா யுத்தத்தை வைச்சு ஒண்டு வந்தது தெரியுமோ? இத்தாலிக்காரருக்குப் பாஸ்டா அவிக்கத் தனியாத் தண்ணிக் கணக்கு 😂 ஆடி முடிய ஆயிரம் மணித்தியாலத்துக்கு மேல போகுமாம்

மாமா: அதுக்கு மட்டும் கொம்பியூட்டர் வேணும் 🙏

அம்மா: சண்டை பாத்தது காணாதே உங்களுக்கு? சாப்பாட்டு மேசையை எடுங்கோ, இரவைக்குப் பிட்டு

மாமா: அக்கா, கை வைக்காதேங்கோ! ஒரு காய் அசைஞ்சாலும் போச்சு

தர்ஷன்: பாத்தியளே, கொம்பியூட்டரில எண்டா சேவ் பண்ணிப்போட்டு எழும்பலாம்

மாமா: அதாலதான் நீ பழகிறாயில்லை. தோத்த உடனே பழைய சேவுக்கு ஓடுறாய். இங்க உருட்டினது உருட்டினதுதான், முன்னால இருக்கிறவன்ர சிரிப்பையும் பாக்க வேணும்

அபி அக்கா: சண்டை வேண்டாம். இப்ப இருக்கிற மாதிரிப் படம் எடுத்துப் போட்டிருக்கிறன், பிறகு பாத்து அடுக்குங்கோ 📷

தர்ஷன்: நில்லுங்கோ. மாமா, உங்கட பீரங்கி நேற்று ஆத்துக்கு அங்கால எல்லோ நிண்டது?

மாமா: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அபி அக்கா: 😂😂😂

அம்மா: பிட்டு ஆறுது