மறு: எம்-44 கருவிக்குத் தமிழில் என்ன பெயர்?

அன்பு நண்பர்களே,

கயோட்டி, நரி போன்ற ஊனுண்ணிகளைக் கொல்ல அமெரிக்காவில் தரையில் நட்டுவைக்கும் சயனைடுக் கருவிதான் எம்-44. நம் அகராதிக்காக அதற்கு நீங்கள் சொன்ன பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.

> ‘சயனைடு குண்டு’ போதுமே, எதிர்ப்பவர்களும் அப்படித்தானே சொல்கிறார்கள்.

சொல்கிறார்கள்தான். ஆனால் அது வெடிப்பதில்லை. இதற்கு முன்னால் இருந்த கருவிதான் தோட்டா மருந்தின் விசையில் நஞ்சைச் செலுத்தியது. தோட்டாவுக்குப் பதில் சுருள்வில் வைத்துச் செய்ததே எம்-44. தரையில் அறைந்த குழலின் தலையில் இரைவாடை பூசியிருப்பார்கள். கயோட்டியோ (ஓநாய்க்கு உறவான வட அமெரிக்க விலங்கு) நரியோ கவ்வி மேலே இழுத்தால் வில் விடுபட்டு, சோடியம் சயனைடு தூள் வாய்க்குள் பாயும். வாயின் ஈரம் பட்டதும் அது ஹைட்ரஜன் சயனைடு வாயுவாகிவிடும்.

‘அவுட்டுக்காய்’ (இரைக்குள் ஒளித்துவைக்கும் வெடி) என்று ஒருவர் நினைவூட்டியது அருமை. காட்டுப்பன்றிக்கு வைத்து யானையின் வாயைச் சிதைக்கும் அதே கொடுமையின் உறவுதான் இது. ஆனால் அது வெடிப்பது, எம்-44 வெடிக்காதது.

‘நச்சுப்பொறி’யும் ஒத்துவரவில்லை. எலிப்பொறி பிடித்து வைக்கும். இது எதையும் பிடிப்பதில்லை. ‘கடிநஞ்சு’ அழகான சொல். ஆனால் 2017 மார்ச்சில் ஐடஹோ மாநிலம் பொகாடெல்லோவில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். வீட்டுக்குப் பின்னாலிருந்த பொதுநிலத்தில் 14 வயதுப் பையன் ஒருவன், இந்தக் கருவியைத் தண்ணீர் தெளிப்பான் என்று எண்ணிக் கையால் தொட்டான். அவன் பிழைத்தான், கூட வந்த நாய் செத்தது. அங்கே யாரும் எதையும் கடிக்கவில்லை. கடிப்பது விலங்கு மட்டும்தான் என்ற நினைப்பைச் சொல்லே ஊட்டிவிடக் கூடாது.

‘உமிழி’யை மின்னணுவியல்காரர்கள் ‘எமிட்டர்’ என்பதற்கு முன்பே எடுத்துக்கொண்டார்கள். அதனால் என் பரிந்துரை ‘நச்சுப்பீச்சி’. பீச்சாங்குழல் எல்லோருக்கும் தெரிந்ததுதானே, வில்லின் அழுத்தமும் அதில் தொனிக்கிறது. (வீட்டில் சொன்னேன், பீச்சாங்கை ஞாபகம் வருகிறது என்று சிரித்தார்கள். பரவாயில்லை.)

அப்புறம், அகராதிப் பதிவின் வரைவில் ‘புறம்போக்கு’ என்று வந்திருப்பதை மாற்றிவிடலாம். புறம்போக்கு நம் வருவாய்த்துறைச் சொல். இங்கே பேசுவது, அமெரிக்க நடுவணரசின் நில மேலாண்மைப் பணியகத்திடம் இருக்கும் சுமார் 24.5 கோடி ஏக்கர். அதில் மேய்ச்சலும் நடக்கும், மக்களும் நாயோடு உலாவுவார்கள். ‘பொதுநிலம்’ போதும்.

‘தடை’ என்ற பதிவிலும் ஒரு திருத்தம். 2023 நவம்பரில் வந்த தடை அந்தப் பணியகத்தின் நிலங்களுக்கு மட்டும்தான். தனியார் நிலத்துக்கு அது பொருந்தவில்லை. 1972இல் அதிபர் நிக்சன் பொதுநிலங்களில் ஊனுண்ணிகளைக் கொல்ல நஞ்சு வைப்பதைத் தடுத்தார்; 1975இல் அடுத்த அதிபர் ஃபோர்டு சயனைடுக்கு விலக்குக் கொடுத்தார். ஆகவே ‘முதல் தடை’ என்ற அடைமொழியை எடுத்துவிடுங்கள்.

அகராதியில் ஏற்றும்போது ‘கண்ணி’யின் கீழ் போட வேண்டாம். அதில் மாட்டியது கொஞ்ச நேரமாவது உயிரோடு இருக்கும்.