22 வருடங்கள் ஓட்டியவருக்கும் மீள்பயிற்சி தேவையா?

கேள்வி (உப்புவெளி):
22 வருடங்களாக மோட்டார் சைக்கிள் ஓட்டி வருகிறேன். சென்ற மாதம் நிலாவெளி வீதியில் மாடொன்று குறுக்கே வந்தபோது, பின் பிறேக்கை மட்டும் மிதித்ததால் சில்லு இறுகி, வழுக்கி விழுந்தேன். அனுபவமுள்ளவர்களுக்கான மீள்பயிற்சியால் பயன் உண்டா, அல்லது மறுபடியும் அரிச்சுவடிதானா?

மறுமொழி 1:
நிச்சயமாகப் பயன் உண்டு. மாட்டின் மீது முழுப் பழியையும் போடாதீர்கள். பிறேக் பிடிக்கும்போது பாரம் முன்சில்லுக்கு மாறுவதால், நிறுத்தும் வலுவின் பெரும்பகுதி முன் பிறேக்கிலிருந்தே கிடைக்கிறது. ஆனால் அதைத் தொட்டால் வண்டி கவிழும் என்று இளமையில் கேட்ட பேச்சை நம்மிற் பலர் இன்னும் கைவிடவில்லை. சடுதியாக அமுக்காமல் படிப்படியாக இறுக்கிப் பழகுவதற்கு, வெறுமையான மைதானமும், பக்கத்தில் நின்று பிழை பிடிக்க ஒருவரும் வேண்டும்.

மறுமொழி 2 (கிண்ணியா):
அண்ணா, மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு விநாடி தாமதித்தாலே ஏறத்தாழ 17 மீற்றர் கடந்துவிடுகிறோம். பயிற்சியில் எனக்கு அதிகம் உதவியது பார்வைதான்: குழியையே பார்த்துக்கொண்டிருந்தால் வண்டியும் குழியை நோக்கியே போகும்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. கடற்கரைப் பக்கம் வீதியில் மணல் படிந்திருந்தால் என்ன செய்வது?

மறுமொழி 1:
மணலை அடையுமுன், வண்டி நிமிர்ந்து நேராகச் செல்லும்போதே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். மணல் மீது ஏறிய பின்னர் முன் பிறேக்கை இறுக்க வேண்டாம். வண்டியைச் சரிக்கவும் வேண்டாம்.