தம்பிக்கு முதல் பாஸ்போர்ட்: திருநெல்வேலியா, திருவனந்தபுரமா?

கருங்கல் அக்கா:
எல்லோருக்கும் வணக்கம். தம்பிக்குத் துபாயில் வேலை சொல்லியிருக்கிறார்கள், இனிமேல்தான் பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். வீடு கருங்கல் பக்கம். ஆனால் அவன் பிறந்தது திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியில், பிறப்புச் சான்றிதழும் அங்கே வாங்கியதுதான். ஆதாரில் அவன் பெயரோடு இன்ஷியல் மட்டும் இருக்கிறது, பள்ளி மாற்றுச் சான்றிதழில் (டிசி) அப்பா பெயர் முழுதாக இருக்கிறது, ஆனால் ஆங்கிலத்தில் ஒரு எழுத்து வித்தியாசம். இப்போது கோயம்புத்தூரில் ஒரு ரூமில் நண்பர்களோடு தங்கி வேலை பார்க்கிறான். இங்கே ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் கேட்டால் போலீஸ் செலவும் சேர்த்து 6000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். அவ்வளவு ஆகுமா? எங்கே விண்ணப்பித்தால் சிக்கல் இல்லாமல் கிடைக்கும்?

தக்கலை அண்ணாச்சி:
தங்கச்சி, அந்த 6000 ரூபாயைக் கொடுக்காதீங்க. 36 பக்கப் புத்தகத்துக்கு அரசாங்கக் கட்டணம் 1500 ரூபாய், அவசரமாக எடுக்கும் தட்கலில் போனால் இன்னும் 2000 கூடும், அவ்வளவுதான். போலீஸ் விசாரணைக்குத் தனியாகக் கட்டணமே கிடையாது. விண்ணப்பத்தை பாஸ்போர்ட் சேவா தளத்திலோ ஆப்பிலோ நீங்களே நிரப்பலாம். தேடும்போது அதே மாதிரித் தோற்றத்தில் போலித் தளங்களும் வரும், முகவரி ஜிஓவி டாட் இன் என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்க.

நம் கன்னியாகுமரி மாவட்டம் மதுரை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வரும், அதன் சேவா கேந்திரா, அதாவது நேரில் போய் விண்ணப்பிக்கும் மையம், திருநெல்வேலியில் இருக்கிறது, அதனால்தான் எல்லோரும் திருநெல்வேலி என்கிறார்கள். ஆனால் 2018-லிருந்து நாட்டில் எந்த மண்டலத்தையும் நாமே தேர்ந்தெடுக்கலாம். களியக்காவிளை தாண்டினால் திருவனந்தபுரம், உங்களுக்கு அதுதான் பக்கம். எங்கே முதலில் தேதி கிடைக்கிறதோ அங்கே பதிவு செய்யுங்க. எங்கே கொடுத்தாலும் போலீஸ் விசாரணை நீங்கள் எழுதும் முகவரிக்குத்தான் வரும், புத்தகமும் அந்த முகவரிக்குத்தான் வரும்.

குழித்துறை வாசகி:
பெயர் விஷயத்தை அவசரமாக முடித்துவிடாதீங்க. பாஸ்போர்ட்டில் இன்ஷியல் போட மாட்டார்கள், விரித்து எழுதணும். நம் ஆட்கள் நிறைய பேர் அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போடாமல் காலியாக விட்டுவிடுகிறார்கள். 2022 நவம்பரிலிருந்து அமீரகத்தில் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசாவில் கெடுபிடி வந்துவிட்டது, துபாய்க்குப் போகிற பையனுக்கு அந்தத் தலைவலி எதற்கு? தம்பி பெயர் முதல் கட்டத்தில், அப்பா பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்தில். அந்த ஒரு எழுத்து வித்தியாசத்தை விண்ணப்பிக்கும் முன்பே சரி செய்துவிடுங்க. ஆதாரில் பெயர் மாற்ற இரண்டு தடவைதான் விடுவார்கள், அதனால் எந்த எழுத்து நிரந்தரம் என்று வீட்டில் உட்கார்ந்து முடிவு பண்ணிவிட்டுப் போங்க.

பிறந்த இடம் திருவனந்தபுரம், மாநிலம் கேரளா என்றே போடணும். சொந்த ஊர் கருங்கல் என்பதற்காகக் கன்னியாகுமரி என்று எழுதினால் பிறப்புச் சான்றிதழோடு ஒத்துப்போகாது.

முட்டம்காரன்:
தம்பி பத்தாவது பாஸா? பாஸ் என்றால் மார்க் ஷீட்டை மறக்காமல் கொண்டு போகச் சொல்லுங்க. அது இல்லாமல் போனால் பாஸ்போர்ட்டில் ஈசிஆர், அதாவது குடிபெயர்வுச் சோதனை தேவை, என்று அச்சடித்துவிடுவார்கள், அப்புறம் அமீரகம், சவுதி, கத்தார், பஹ்ரைன் என்று வேலைக்குப் போகும்போது குடிபெயர்வு அனுமதி வாங்க அலையணும். எங்கள் கடற்கரை ஊர்களில் வளைகுடாவுக்கு மீன்பிடிக்கப் போகிற பையன்கள் பலர் இதில்தான் மாட்டுகிறார்கள், அதுவும் ஏஜென்ட் டிக்கெட் போட்ட பிறகுதான் தெரிய வரும்.

கருங்கல் அக்கா:
பத்தாவது பாஸ்தான் அண்ணா, மார்க் ஷீட் இருக்கிறது. எல்லோருக்கும் ரொம்ப நன்றி. கோயம்புத்தூர் ரூமுக்கு அவனிடம் எந்த ஆதாரமும் இல்லை, வீட்டு முகவரியையே போட்டுவிடலாமா? அடுத்த மாதம் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வருகிறான்.

தக்கலை அண்ணாச்சி:
அப்படியென்றால் வந்த பிறகே விண்ணப்பிங்க. இப்போதே வீட்டு முகவரியைப் போட்டால், ஸ்டேஷனிலிருந்து வரும்போது ஆள் இங்கே தங்கவில்லை என்று எழுதிவிடுவார்கள், ஃபைல் அங்கேயே நின்றுவிடும். தவறான தகவல் கொடுப்பது 1967-ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் குற்றம், அதையும் லேசாக எடுத்துக்கொள்ளாதீங்க. பக்கத்து வீட்டில் தெரிந்த இரண்டு பேரின் பெயரும் போன் நம்பரும் கேட்பார்கள், அவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்க.

குழித்துறை வாசகி:
இன்னொன்று. சேவா கேந்திராவில் போட்டோவும் கைரேகையும் எடுக்கிற முதல் கவுண்டரில், அவர்கள் பதிந்ததைத் திரையில் காட்டுவார்கள். அங்கே அப்பா, அம்மா பெயர்களையும் பிறந்த ஊரையும் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்த பிறகுதான் சரி என்று சொல்லணும், பின்னால் வரிசை நிற்கிறதே என்று பார்க்கவே கூடாது. புத்தகம் ஸ்பீடு போஸ்டில் வரும்போது தபால்காரர் தம்பி கையில்தான் கொடுப்பார், அதுவரைக்கும் அவனைக் கோயம்புத்தூருக்கு அனுப்பிவிடாதீங்க.