ஆங்கில 'த' (the) எங்கே போடுவது, எங்கே விடுவது?

நண்பர்களே, ஆங்கிலத்தில் 'எ' (a), 'ஆன்' (an) தகராறு ஒருவழியாகத் தீர்ந்தது. எழுத்தை விட்டு ஒலியைப் பார்த்தால் போதும்: 'ஆன் அவர்' (an hour), 'எ யுனிவர்சிட்டி' (a university). சரி, 'த'தான் பாடாய்ப் படுத்துகிறது. நைல் நதிக்கு உண்டு, எவரெஸ்டுக்குக் கிடையாது, ஆல்ப்ஸ் மலைத்தொடருக்கு மறுபடியும் உண்டு. இதையாவது மனப்பாடம் செய்துவிடலாம்.

பிரிட்டிஷ் வழக்கில் 'ஷி இஸ் இன் ஹாஸ்பிட்டல்' என்றால் நோயாளியாகச் சேர்ந்திருக்கிறார். பார்க்கப் போனவருக்கு 'இன் த ஹாஸ்பிட்டல்'. அமெரிக்கர்களோ நோயாளிக்கும் 'த' போட்டுவிடுகிறார்கள். ஆனால் 'இன் பிரிசன்' என்பதில் மட்டும் இருவரும் ஒற்றுமை!

இப்படி 'த'வை உதிர்க்கும் சொற்கள் வேறு எவை? தேர்வில் இரண்டு வழக்கையும் கலந்து எழுதினால் மதிப்பெண் குறையுமா? ஆங்கிலம் கற்பிப்பவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் சொல்லுங்களேன். பயிற்சித்தாள் இருந்தாலும் அனுப்புங்கள்.