பெட்ரோல் + கேஸ் ஜெனரேட்டர் வீட்டுக்கு: 3 கேவிஏ போதுமா, 5 வேணுமா? (கொஞ்சம் அவசரம்)

பென்னாகரத்தான்:
வணக்கம் நண்பர்களே. வீட்டுக்கு ஒரு ஜெனரேட்டர் வாங்கணும், பெட்ரோல்லயும் ஓடணும் கேஸ்லயும் ஓடணும், வீல் வெச்சு தள்ளிட்டுப் போற டைப். கடைல 3 கேவிஏ தாராளம்ங்கறாங்க, மச்சான் 5க்கு கம்மியா வாங்குனா மோட்டார் எடுக்காதுங்கறான். ஞாயித்துக்கெழம சேலம் போறேன் அதுக்குள்ள சொல்லுங்க. வீட்ல நார்மல் லோடுதான். ஆடிக்காத்து ஆரம்பிச்சுருச்சுன்னா எங்க பக்கம் கம்பி மேல மரம் விழும், விழுந்தா அன்னிக்கு ராத்திரி பூரா இருட்டுதான். எந்த பிராண்ட் நல்லாருக்கும்?

காரிமங்கலத்துக்காரன்:
நார்மல் லோடுன்னா என்னங்க? மோட்டார் எத்தன ஹெச்பி? சிங்கிள் ஃபேஸா த்ரீ ஃபேஸா? ஏசி இருக்கா? இன்வெர்ட்டர் ஏற்கனவே இருக்கா? இது தெரியாம 3, 5ன்னு எப்படிங்க சொல்றது.

சோலார் பைத்தியம்:
ஜெனரேட்டரே வேணாம் ப்ரோ. மாடில 3 கிலோவாட் பேனல் போட்டுக்கங்க, நம்ம மாவட்டத்து வெயிலுக்கு அதுதான் சரி. சத்தம் இல்ல, பெட்ரோல் பங்க்ல நிக்க வேணாம்.

கிலோவாட்:
@சோலார் பைத்தியம், கரண்ட் போனா உங்க ஆன்கிரிட் (ஈபி லைனோட சேந்து ஓடற) பேனலும் சேந்து படுத்துரும்ங்கறதையும் சொல்லிருங்க. லைன்ல ஆள் வேல செய்யுறப்போ மாடில இருந்து கரண்ட் போகக்கூடாதுன்னு அந்த இன்வெர்ட்டர் தானா நின்னுரும். பேட்டரி வெச்ச ஹைப்ரிட்டுன்னா வேற கதை, வேற விலை. அவரு கேக்குறதே மரம் விழற ராத்திரிக்கு.

இழை போட்டவருக்கு: இந்தக் கேள்விக்கு இங்க பதில் எழுதி எழுதி விரல் தேஞ்சு போச்சு, பழைய இழைகளைப் படிச்சுட்டு வந்திருக்கலாம். சரி, கடைசியா ஒரு வாட்டி. கேவிஏ வேற, கிலோவாட் வேற. பல செட்ல 3 கேவிஏன்னு பெருசா ஸ்டிக்கர் இருக்கும், பவர் ஃபேக்டர் 0.8ன்னு பொடி எழுத்துல இருக்கும், கேவிஏவ அதால பெருக்குனாத்தான் கிலோவாட், அப்ப அது 2.4 கிலோவாட்தான். அதுலயும் மேக்ஸிமம்னு (கொஞ்ச நேரம் தாங்கறது) ஒரு நம்பர், ரேட்டட்னு (தொடர்ந்து தர்றது) ஒரு நம்பர். ரேட்டட் மட்டும் பாருங்க. கேஸ்ல ஓட்டுனா இன்னும் ஒரு 10 சதவீதம் கம்மி. ஆக 3 கேவிஏ வாங்கி கேஸ்ல ஓட்டுறவரு கைல இருக்கறது சுமாரா 2.1 கிலோவாட். இதுல உங்க மச்சான் சொல்ற மோட்டார் ஓடுமா ஓடாதான்னு நீங்களே கணக்குப் போட்டுக்கங்க.

ஓசூர்க்காரன்:
கூடவே உயரத்தையும் கழிக்கணும். 300 மீட்டருக்கு ஏறக்குறைய மூணரை சதவீதம் பவர் போகும். ஓசூர் கடல் மட்டத்துல இருந்து கிட்டத்தட்ட 900 மீட்டர். ஆனா இங்க கரண்ட் போறதே அபூர்வம், அதனால யாரும் கவலப்படறதில்ல 😄

பென்னாகரத்தான்:
ஏசி இல்ல. ஃப்ரிட்ஜ் 1, ஃபேன் 4, லைட்டு, டிவி, வைஃபை. மிக்ஸி எப்பவாவது. இன்வெர்ட்டர் இருக்கு, 150 ஆம்பியர் பேட்டரி ஒண்ணு. மோட்டார் போர்ல இருக்கு. அம்மாவுக்கு இன்சுலின் ஃப்ரிட்ஜ்ல இருக்கறதால ஃப்ரிட்ஜ்தான் முக்கியம்.

காரிமங்கலத்துக்காரன்:
மோட்டார் போர்ல இல்லாம சமையக்கட்டுலயாங்க இருக்கும் 😅 எத்தன ஹெச்பி, எத்தன ஃபேஸ்னுதான் கேட்டேன்.

ஊத்தங்கரை பையன்:
அண்ணா, 2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயலப்போ எங்க ஊர்ல ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர் மழை, பஸ் ஸ்டாண்டு பக்கம் நின்ன வண்டியெல்லாம் தண்ணி அடிச்சுட்டுப் போச்சு. அப்போ கத்துக்கிட்டது இதுதான், கரண்ட் ரொம்ப நேரம் இல்லேன்னா பெட்ரோல் கிடைக்கறதும் கஷ்டம், பங்க்லயும் கரண்ட் வேணும்ல. கேன்ல பெட்ரோல் வாங்கி வீட்ல அடுக்கி வெக்கறதும் ஆபத்து. கேஸ்னா சிலிண்டர் அப்படியே கெட்டுப் போகாம இருக்கும். அதனால டூயல் ஃபியூயல் ஐடியா கரெக்ட்டுதான்னு என் கருத்து.

இன்னொண்ணு, இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் 20 சதவீதம். மாசக்கணக்குல செட்டு சும்மா நின்னா கார்புரேட்டர்ல பிசின் மாதிரி அடைச்சுக்கும், எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். பெட்ரோல்ல ஓட்டிட்டு நிறுத்தும்போது டேங்க் வால்வ மூடிட்டு, கார்புரேட்டர் காலியாகி தானா நிக்கற வரைக்கும் ஓட விடுங்க. கேஸ்ல ஓட்டுனா இந்தத் தொல்லையே இல்ல.

மாந்தோப்பு:
யூட்யூப்ல அமெரிக்காக்காரங்க காட்டுற டூயல் ஃபியூயல் செட்ட பாத்து ஆசப்பட்டுறாதீங்க, நானும் பாத்தேன், சூப்பரா இருக்கும். அதெல்லாம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், இஞ்சின் நிமிஷத்துக்கு 3600 சுத்துல ஓடும். நமக்கு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 3000 சுத்து. சிலிண்டர் வாயும் வேற, அவங்களது 20 பவுண்டு ப்ரொப்பேன், நம்ம கேஸ் ப்ரொப்பேனும் ப்யூட்டேனும் கலந்தது. ஆன்லைன்ல விலை கம்மின்னு இறக்குமதி ஐட்டம் தட்டி விட்டீங்கன்னா ரெகுலேட்டர் மாட்டவே தனியா அலையணும். இங்க சர்வீஸ் இருக்கற பிராண்டா, 50 ஹெர்ட்ஸ் இந்திய மாடலான்னு பாத்து வாங்குங்க. பிராண்ட விட சர்வீஸ் சென்டர் சேலத்துல இருக்கா, தர்மபுரில இருக்கா, பெங்களூருக்கு அனுப்பணுமாங்கறதுதான் பெரிய கேள்வி.

தக்காளிச்சந்தை:
எதுக்கு இத்தன செலவு. சாதா பெட்ரோல் செட்டு வாங்கி கேஸ் கிட் போட்டுக்கங்க, மெக்கானிக்குங்க போட்டுத் தர்றாங்க. வீட்டு சிலிண்டரையே மாட்டிக்கலாம். எங்க தெருவுல ரெண்டு பேரு அப்படித்தான் ஓட்டுறாங்க.

ஓய்வுபெற்ற வயர்மேன்:
தம்பி, வீட்டு சிலிண்டர் 14.2 கிலோ சமையலுக்கு மட்டும்தான். 2000ல வந்த எல்பிஜி சப்ளை ஆணைப்படி வேற எதுக்கும் மாட்டக்கூடாது. ஜெனரேட்டருக்கு 19 கிலோ கமர்ஷியல், இல்லேன்னா ஏஜென்சில விக்கற 5 கிலோ சின்ன சிலிண்டர். சின்னது வீட்டுக்கு வசதி.

கணக்கு வேணும்னா, ஒரு கிலோ கேஸ்ல கிட்டத்தட்ட 12.8 யூனிட்டுக்கான சூடு இருக்கு. சின்ன இஞ்சின் அதுல ஆறுல ஒரு பங்கு, நல்லா ஓடுனா அஞ்சுல ஒரு பங்குதான் கரண்ட்டா மாத்தும், மிச்சம் சூடாவும் புகையாவும் போயிரும். ஆக 1 கிலோவாட் லோடு போட்டா ஒரு 5 கிலோ சிலிண்டர் பத்து பன்னெண்டு மணி நேரம் வரும். லோடே இல்லாம சும்மா ஓட்டுனாலும் கேஸ் குடிக்கும், அத மறந்துடாதீங்க.

தக்காளிச்சந்தை:
சட்டம்லாம் சரிதான் அண்ணா, டீக்கடைக்குள்ள எட்டிப் பாருங்க எந்த சிலிண்டர் இருக்குன்னு. அவசரத்துக்கு ராத்திரி ஒரு தடவ மாட்டுனா யாரு வந்து பிடிக்கப் போறா.

ஓசூர்க்காரன்:
அவன் பண்றான்னு நானும் பண்ணுவேன்னா எப்படிங்க? நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா இன்ஷூரன்ஸ் கிடைக்குமா? இந்தப் பக்கம் ஆளுங்களுக்கு இதே பழக்கமாப் போச்சு.

தக்காளிச்சந்தை:
இந்தப் பக்கம்னா எந்தப் பக்கம்? ராயக்கோட்டைல இருந்து ஓசூர் ஒரு மணி நேரம், ஏதோ லண்டன்ல இருந்து பேசற மாதிரி பேசறீங்க. கரண்ட் போறதே அபூர்வம்னு வேற. தளி பக்கம் கிராமத்துல போய்க் கேளுங்க, அதுவும் உங்க தாலுகா பக்கந்தானே.

ஓசூர்க்காரன்:
தளி தேன்கனிக்கோட்டை தாலுகாங்க, ஓசூர் இல்ல. மொதல்ல அத தெரிஞ்சுட்டு வாங்க.

மாந்தோப்பு:
தாலுகா சண்டைய தனி இழைல வெச்சுக்கங்கப்பா. அவரு ஞாயித்துக்கெழம போகணும்.

பென்னாகரத்தான்:
மோட்டார் பேனல் போய்ப் பாத்தேன். 3 ஹெச்பின்னு போட்டிருக்கு, மூணு கலர் லைட்டு எரியுது. சப்மர்சிபிள்.

கிலோவாட்:
மூணு கலர் லைட்டு எரியுதுன்னா த்ரீ ஃபேஸ், சார். இதத்தான் மொத பதிவுலயே எழுதிருக்கணும். நீங்க பாக்குற வீல் வெச்ச செட்டெல்லாம் சிங்கிள் ஃபேஸ். அதுல 3 கேவிஏ வாங்குனாலும் சரி 5 வாங்குனாலும் சரி, இந்த மோட்டார் அசையாது. கடைக்காரரும் தப்பு, மச்சானும் தப்பு. டைரக்ட் ஸ்டார்ட்டர்ல மோட்டார் கிளம்பறப்போ ஓடற கரண்ட்ட விட அஞ்சாறு மடங்கு இழுக்கும், அதுக்கு த்ரீ ஃபேஸ் செட்டு, 7.5 கேவிஏக்குக் கீழ யோசிக்கவே வேணாம். தள்ளிட்டுப் போற சமாச்சாரம் இல்ல அது.

ஓய்வுபெற்ற வயர்மேன்:
அவரு சொல்றது சரிதான், சொல்ற தொனிய விட்டுருங்க. தம்பி, மோட்டார கணக்குல இருந்தே எடுத்துருங்க. நம்ம ஊர்ல போர் எல்லாம் எண்ணூறு, ஆயிரம் அடி, அத ஜெனரேட்டர்ல எழுப்பணும்னு நெனச்சா விலை எங்கயோ போயிரும். மேல இன்னொரு டேங்க் வெச்சு, கரண்ட் இருக்கறப்போ ரொப்பி வெச்சுக்கங்க. வீட்டுச் செலவுக்கு 1000 லிட்டர் தாங்கும்.

மோட்டார் போச்சுன்னா மிச்சம் என்ன? ஃபேன் சாதாவா இருந்தா 75 வாட்டு, நாலுக்கு 300. லைட்டு டிவி வைஃபை 200. ஃப்ரிட்ஜ் ஓடறப்போ 150, 200 ஆனா கம்ப்ரஸர் கிளம்பறப்போ ஒரு நொடி ஆயிரத்த தாண்டும். இன்வெர்ட்டர் சார்ஜுக்கு 250, 300. எல்லாம் சேத்தாலும் 3 கேவிஏ கேஸ்ல ஓடிக்கூட தாங்கும். மிக்ஸி போடறப்போ மட்டும் வேற எதையாச்சும் நிறுத்துங்க.

இப்ப முக்கியமானது. ஜெனரேட்டர்ல இருந்து ரெண்டு பக்கமும் ப்ளக் வெச்ச வயர் எடுத்து சுவத்து சாக்கெட்ல சொருகறத பல வீட்ல பாத்திருக்கேன். செய்யவே செய்யாதீங்க. மெயின ஆஃப் பண்ண மறந்தா அந்தக் கரண்ட் கம்பி வழியா போய் டிரான்ஸ்ஃபார்மர்ல ஏறி 11,000 வோல்ட்டா மாறி, கம்பத்து மேல மரத்த எடுத்துட்டு இருக்கற ஆளு மேலதான் இறங்கும். சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் (ஈபி, ஜெனரேட்டர் ரெண்டுல ஒண்ண மட்டும் வீட்டுக்கு விடறது) போடுங்க, ஃபேஸோட நியூட்ரலும் சேந்து மாறணும். உங்க வீட்டு சப்ளையும் த்ரீ ஃபேஸா இருந்தா 4 போல் (மூணு ஃபேஸும் நியூட்ரலும் சேந்து மாறறது) போட்டு, வீட்டு லோடு மட்டும் ஜெனரேட்டருக்கு வர்ற மாதிரி பிரிக்கச் சொல்லுங்க. லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் செய்யட்டும்.

ஊத்தங்கரை பையன்:
புகையையும் சொல்லிருங்க அண்ணா. மழ பெய்யுதுன்னு போர்ட்டிகோல, படிக்கட்டுக்கு அடில வெச்சு ஓட்டுறாங்க. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூங்கறவங்க தூக்கத்துலயே போயிருவாங்க. வீட்ட விட்டு 20 அடி தள்ளி, சைலன்ஸர் வெளிப்பக்கம் பாத்து, மேல தகரம் போட்டு நாலு பக்கமும் காத்து போற மாதிரி வெக்கணும். கேஸ்ல ஓட்டுனாலும் இதேதான், கேஸ் புகை சுத்தம்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. எல்பிஜி காத்த விட கனம், கசிஞ்சா பள்ளத்துல தேங்கும், அதனால சிலிண்டர குழி, தொட்டி பக்கம் வெக்க வேணாம்.

சோலார் பைத்தியம்:
இவ்ளோ ரிஸ்க்குக்கு பேசாம ரெண்டாவது பேட்டரி வாங்கலாம்னு தோணுது. 150 ஆம்பியர் பேட்டரி 1.8 யூனிட், அவரு லோடுக்கு மூணு மணி நேரம் கூட முழுசா வராது, ரெண்டா போட்டா ராத்திரி பாதி ஓடிரும். சத்தம் இல்ல புகை இல்ல.

கிலோவாட்:
மொத தடவையா உருப்படியா ஒண்ணு சொல்லிருக்கீங்க. ஆனா 12 வோல்ட் இன்வெர்ட்டர்ல ரெண்டாவது பேட்டரிய சீரீஸ்ல மாட்ட முடியாது, 24 வோல்ட் மாடல் வாங்கணும். ரெண்டு நாள் கரண்ட் வரலேன்னா அதுவும் காலி.

மாந்தோப்பு:
இன்சுலின் பத்தி ஒண்ணு. ஃப்ரிட்ஜ திறக்காம வெச்சா நாலு மணி நேரம் குளுமை தாங்கும். திறந்து போட்டுட்டு இருக்கற பாட்டில் 30 டிகிரிக்குள்ள இருந்தா பொதுவா நாலு வாரம் வெளிய இருக்கலாம், எத்தன நாள்னு டப்பாலயே போட்டிருக்கும், மெடிக்கல்லயும் கேட்டுக்கங்க. திறக்காத பாட்டிலுக்குத்தான் ஃப்ரிட்ஜ். ஆக ராத்திரி பூரா செட்ட ஓட்டணும்னு இல்ல, விட்டு விட்டு ஓட்டுங்க.

காரிமங்கலத்துக்காரன்:
என்னாச்சு, சேலம் போனீங்களா?

தக்காளிச்சந்தை:
ஆளக் காணோம். மச்சான் 5 கேவிஏ வாங்க வெச்சுட்டான்னு நெனக்கறேன்.

பென்னாகரத்தான்:
எல்லாருக்கும் நன்றி. 3 கேவிஏ ஏவிஆர் (வோல்டேஜ தானா நிலையா வெக்கறது) டைப் வாங்கியாச்சு, ரேட்டட் 2.8 போட்டிருக்கு. டேங்க்கும் வாங்கியாச்சு. சேஞ்ச் ஓவர் போட்டாச்சு. 5 கிலோ சிலிண்டர்ல ஓடுது, ஃப்ரிட்ஜ் எடுக்குது. இன்வெர்ட்டர் மட்டும் சார்ஜ் ஏற மாட்டேங்குது, ஜெனரேட்டர் ஓடறப்பவும் பேட்டரிலயே ஓடுது. ஏன்?

ஓய்வுபெற்ற வயர்மேன்:
இன்வெர்ட்டர் பின்னாடி ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும், யூபிஎஸ் மோடு / நார்மல் மோடுன்னு. யூபிஎஸ் மோடுல சுமாரா 180ல இருந்து 260 வோல்ட்டுக்குள்ள இருந்தாத்தான் ஏத்துக்கும். நார்மல் மோடுக்குத் தள்ளுங்க. அப்பவும் ஏறலேன்னா, மொதல்ல ஃப்ரிட்ஜ ஃபேனப் போட்டு இஞ்சின் ஒரு நிலைக்கு வந்தப்புறம் இன்வெர்ட்டர கொடுங்க. லோடு இல்லாதப்போ 50 ஹெர்ட்ஸ தாண்டி ஓடும், அது பிடிக்காம கட் பண்ணிக்கும்.

கிலோவாட்:
இன்வெர்ட்டர் எந்த மாடல்னு இப்பவும் சொல்லல பாருங்க.

காரிமங்கலத்துக்காரன்:
சார்ஜ் ஏறுச்சாங்க?

ஊத்தங்கரை பையன்:
அண்ணா அந்த 5 கிலோ சிலிண்டருக்கு எந்த ரெகுலேட்டர் மாட்டுனீங்க? செட்டோட வந்ததா, ஏஜென்சில தனியா வாங்குனதா? எனக்கும் அதேதான் வாங்கணும்.