மரம் கழிக்க பக்கெட் வண்டியா, ஸ்பைடர் லிஃப்டா?

வேப்பங்கொழுந்து:
“ஸ்பைடர் லிஃப்ட் வந்தாச்சு, பக்கெட் வண்டியை எடைக்குப் போடலாம்” என்று நேற்று ஒரு மேதாவி எழுதியிருக்கிறார். சென்னைப் புறநகரில் மழைக்கு முன்னால் ஒரு தூங்குமூஞ்சி மரத்தையாவது கழித்திருந்தால் இப்படி எழுதக் கை வராது. பக்கத்திலேயே 11 கேவி, அதாவது 11,000 வோல்ட் மின்கம்பி ஓடுகிறது. இரண்டும் ஆளைத் தொட்டியில் நிறுத்தி நீண்ட கையால் மேலே தூக்குகிறவைதான்; ஆனால் ஸ்பைடரின் கை இரும்பு, லாரி மேல் இருக்கிற பக்கெட் வண்டிக்கு மின்சாரம் பாயாத ஃபைபர் கை. இதற்கு மேல் என்ன பேச்சு?

சிலந்தி_அம்பத்தூர்:
மேதாவி நான்தான், பேரைச் சொல்லியே திட்டலாம். உங்கள் வண்டி வீட்டு கேட்டைத் தாண்டுமா? ஸ்பைடரில் மடக்கினால் ஒரு மீட்டருக்குள் அடங்குகிற ரகமே இருக்கிறது, ரப்பர் செயினில் சந்துக்குள் ஊர்ந்துபோய்க் கொல்லைப்புற மாமரத்தடியில் நாலு காலையும் ஊன்றி நிற்கும்.

வேப்பங்கொழுந்து:
கேட்டைப் பற்றி யார் கேட்டது? நான் கேட்டது 11 கேவி.

லைன்_ஆள்:
தெருவிளக்கு மாட்டுகிற வண்டி பலதில் தொட்டிதான் ஃபைபர், கை இரும்பு. தொட்டியைத் தட்டிக் காட்டி “ஷாக் அடிக்காது சார்” என்பார்கள். கையும் காப்புள்ளதாக இருந்து, அதைச் சோதித்த சான்றிதழ் கைவசம் இருந்தாலும், மின்சாரம் உங்கள் வழியாக வண்டிக்கு இறங்குவதைத்தான் அது தடுக்கும். ஒரு கை கம்பியிலும் மறு கை ஈரக் கிளையிலும் பட்டால் ஃபைபர் என்ன செய்யும்? எல்.சி. (லைன் கிளியர், அதாவது லைனில் மின்சாரத்தை நிறுத்தித் தருகிற அனுமதி) வாங்கி, கம்பியைத் தரையோடு இணைக்கிற எர்த் ராடு மாட்டிவிட்டு ஏறுங்கள்.

வேப்பங்கொழுந்து:
என் வண்டியில் கையும் ஃபைபர்தான். சான்றிதழும் இருக்கிறது.

சிலந்தி_அம்பத்தூர்:
எந்த வருடத்துச் சான்றிதழ்? போட்டோ போடுங்களேன், பார்ப்போம்.

வேப்பங்கொழுந்து:
என்னிடம் தொழில் பழகிய பையனைக் கூலி ஏற்றிக் கொடுத்து இழுத்துக்கொண்டு போனவருக்கு நான் சான்றிதழ் காட்டணுமா?

கயிறு_மணி:
2016 வர்தா புயலில் மரமெல்லாம் சாய்ந்து கிடந்தபோது இந்த வண்டியெல்லாம் எங்கே இருந்தது? கயிறும் ரம்பமும்தான் தெருவைத் திறந்துவிட்டது. ஏறத் தெரியாதவனுக்குத்தான் தொட்டி வேண்டும்.

வேப்பங்கொழுந்து:
மணி, சாய்ந்த மரத்தைத் தரையில் நின்று அறுத்துவிட்டு ஏறின கதை பேசாதீர்கள். பட்டுப்போன கிளையில் கயிறு போட்டு ஏறச் சொல்வீர்களா? உளுத்த மரம் ஆளைத் தாங்குமா? அதற்குத்தான் வண்டி. தெருவில் நிறுத்தினோமா, காலை ஊன்றினோமா, ஏறினோமா, அடுத்த மரத்துக்கு நகர்ந்தோமா என்று போய்க்கொண்டே இருக்கலாம். ஸ்பைடரை லாரியில் ஏற்றி, இறக்கி, காலுக்கடியில் பலகை தேடி முடிப்பதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிடும். செப்டிக் டேங்க் மூடியில் கால் இறங்கினால் அதோடு சரி.

சிலந்தி_அம்பத்தூர்:
நகர்ந்தோமா நகர்ந்தோமா என்று நீங்கள் போன தெருவைப் பார்த்தேன். வண்டிக்கு எட்டிய பக்கம் மொட்டை, வீட்டுப் பக்கம் காடு. பாரமெல்லாம் ஒரே பக்கம் நின்றால் அடுத்த காற்றில் மரம் எந்தப் பக்கம் சாயும், சொல்லுங்கள்?

வேப்பங்கொழுந்து:
இரும்புக் கையை வைத்துக்கொண்டு காற்றைப் பற்றிப் பாடம் எடுக்கிறார்!

லைன்_ஆள்:
எல்.சி. வாங்குகிறீர்களா என்று கேட்டதற்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

கயிறு_மணி:
நான் ஏறினதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள்.

சிலந்தி_அம்பத்தூர்:
போட்டோ எங்கே?

வேப்பங்கொழுந்து:
முதலில் 11 கேவிக்குப் பதில் சொல்லுங்கள்.